சாத்துக்குடி குடித்துப் போன ரத்தம்

மருமகள் என்னை அடித்தாள் என்று சொன்னவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், மதினி. பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். நீங்கள் மகள் பிரசவத்துக்கு என்று ஊருக்கு ரயில் ஏறின அடுத்த வாரம் ஆரம்பித்தது. முழங்காலுக்குக் கீழே கத்தரிக்காய் நிறத்தில் ஒரு திட்டு. இரண்டு நாள் கழித்துத் தொடையில் ஒன்று, முழங்கைக்கு மேலே ஒன்று. நான் எங்கேயும் இடித்துக்கொள்ளவில்லை, விழவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்திருக்கும். பல் தேய்த்தால் எச்சில் சிவப்பாக வந்தது. செருப்பு கடித்த புண் ஒன்று மாதக் கணக்கில் மூடவே இல்லை. எனக்கென்னவோ பயம் வரவில்லை. எதற்கும் அசருகிற ஆள் இல்லை நான், உங்களுக்குத்தான் தெரியுமே.

உங்களிடம் யார் சொன்னார்கள் என்றும் எனக்குத் தெரியும். பெயர் வேண்டாம். குழாயடியில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குடம் கழுவினேன், நாலு பேர் காலைப் பார்த்துவிட்டார்கள்.

"என்னக்கா இது, இப்பிடிக் கன்னிப் போயிருக்கு?"

"தெரியலியேளா. தானா வருது."

"தானா வருதாம்லா!" என்று ஒருத்தி அடுத்தவளைப் பார்த்தாள். அடுத்தவள் என் வீட்டுப் படியைப் பார்த்தாள். எனக்கு அப்போது புரியவில்லை. நான் பாட்டுக்கு, "வயசானா காயும் பழமும் நெறம் மாறும்லா, அது மாதிரி"ன்னு சிரித்துவிட்டு வந்தேன். அந்தச் சிரிப்பைத்தான் பிற்பாடு, "பாவம், மருமவளக் காட்டிக் குடுக்க மனசில்லாம சிரிக்குது கெழவி" என்று பேசியிருக்கிறார்கள்.

அதோடு விட்டார்களா? என் மகன் வாஷி மார்க்கெட்டில் பழ லோடு ஏற்றி இறக்குகிறவன் இல்லையா, அதையும் சேர்த்துக்கொண்டார்கள். "மவன் மூட மூடயா பழம் சொமக்கான், பெத்தவளுக்கு ஒரு சொளை கண்ணுல காட்டலியே அவ" என்று பேச்சு. அடித்தாள் என்று ஒன்று, பட்டினி போட்டாள் என்று ஒன்று. இரண்டும் என் மருமகள் தலையில்.

நம் தாராவிச் சந்துக்குள் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும். ஆனால் பேச்சு மாட்டுங்காவுக்குப் போய்விட்டது. அங்கேதான் மதினி வயிற்றில் அடித்தது. என் மருமகள் எட்டு வருஷமாக அங்கே ஒரு மாமி வீட்டில் வேலை பார்க்கிறாள். மாமிக்கு ஒரு மாமியார், படுத்த படுக்கை. குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்து எல்லாம் இவள்தான். அந்தக் கட்டிடத்தில் படி கூட்டுகிறவள் நம் சந்துக்காரி. அவள் போய் மாமி காதில் போட்டுவிட்டாள். யோசித்துப் பாருங்கள். வீட்டில் சொந்த மாமியாரை அடிக்கிறவளை நம்பி, வாய் திறந்து சொல்ல முடியாத ஒரு கிழவியை யார் ஒப்படைப்பார்கள்? நான் அந்த மாமியாக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பேன்.

ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கே மருமகள் திரும்பி வந்துவிட்டாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றாள்.

"என்னளா, அதுக்குள்ள வந்திட்ட?"

"வர வேண்டாம்னுட்டாங்க அத்தே."

"ஏன்?"

என் காலையே பார்த்தாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். கல்யாணமாகி வந்த இருபது வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அவள் அப்பா செத்தபோதுகூட எனக்குத் தெரியாமல் அழுதிருப்பாள் போல. அன்றைக்குச் சத்தமாக அழுதாள்.

அன்று சாயங்காலமே பேத்தி ஃபோனில் தேடி செம்பூரில் ஒரு டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கிவிட்டாள். பேத்தி காலேஜ் போகிறாள். தமிழ் எழுத்துக் கூட்டிக் கூட்டித்தான் படிப்பாள், இங்கிலீஷ் தண்ணீராய் ஓடும். எனக்கு இரண்டும் இல்லை, அதனால் சண்டையும் இல்லை. அந்த டாக்டரம்மா சின்னப் பெண், நவி மும்பை கோபர்கைரனேயில் வளர்ந்த நம் தமிழ்ப் பிள்ளைதான். தமிழும் இந்தியும் கலந்து கட்டிப் பேசினாள், ஆனால் கை பதமான கை. என் காலை மடியில் வைத்துக்கொள்ளாத குறையாகக் குனிந்து பார்த்தாள். டார்ச் அடித்து ஈறைப் பார்த்தாள். காலில் இருக்கிற முடியை ஒரு கண்ணாடி வைத்துப் பார்த்தாள், மதினி! சுருள் சுருளாக வளைந்து, ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பாக ஒரு பொட்டு இருந்ததாம். என் காலில் முடி இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"பாட்டி, தினமும் என்ன சாப்பிடுறீங்க?"

நான் வாயைத் திறக்குமுன் மருமகள் முந்திக்கொண்டாள். "காலைல ஆறு மணிக்கே சமைச்சு வச்சிருவேன் மேடம். சோறு, கூட்டு, ஒரு கீரை. சாயந்தரம் வந்து பாத்தா ஏனம் எல்லாம் கழுவிக் கவுத்திருக்கும். நல்லா சாப்பிடுவாங்க. பழமும் வீட்டுல கெடக்கும்."

"அப்படியா பாட்டி?"

"ஆமா, ஆமா" என்று தலையை ஆட்டினேன். இந்தத் தலையாட்டலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், எல்லா வினையும் இதிலிருந்துதான்.

டாக்டரம்மா பேனாவைக் கன்னத்தில் தட்டிக்கொண்டே யோசித்தாள். "பார்த்தா விட்டமின் சி கம்மி மாதிரி இருக்கு. ஆனா இவ்வளவு கீரையும் பழமும் சாப்பிட்டா அது வராதே. ரத்தம் உறையுறதுல ஏதும் கோளாறான்னும் பார்க்கணும். எல்லாத்துக்கும் ப்ளட் டெஸ்ட் எழுதுறேன். விட்டமின் சி டெஸ்ட் எல்லா லேபுலயும் எடுக்க மாட்டாங்க. இங்க பக்கத்துல ஒரு லேப்ல எடுப்பாங்க. அடுத்த சனிக்கிழமை வெறும் வயித்துல போங்க."

மருமகள் ஒன்றே ஒன்று கேட்டாள். "மேடம், ரிப்போர்ட் வந்தா, இது அடிச்ச காயம் இல்லன்னு எழுதித் தருவியளா? இல்லன்னா போன வேல திரும்பக் கெடைக்காது மேடம்."

"ரிப்போர்ட்ல குறை தெரிஞ்சா கண்டிப்பா எழுதித் தரேன்" என்றாள் டாக்டரம்மா.

வீட்டுக்கு வருகிற பஸ்ஸில் பேத்தியிடம் கேட்டேன், அந்தச் சத்து எதில் இருக்கிறது என்று. ஃபோனைத் தடவிவிட்டுச் சொன்னாள்: "மோசம்பி, ஆரஞ்சு, எலுமிச்சை, நெல்லிக்கா, கொய்யா, தக்காளி, கீரை. ரொம்ப வேகவச்சா போயிடும் ஆச்சி." மோசம்பி என்றால் நம் சாத்துக்குடிதான்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். மருமகள் வைத்துவிட்டுப் போன சோற்றையும் கீரையையும் நான் தின்னவே இல்லை, மதினி. ஒரு வருஷமாகவே ஈறு வலி, மென்றால் உயிர் போகும். கடைவாயில் நாலு பல் ஆடுகிறது. சொன்னால் என்ன ஆகும்? ஒன்று, பல்லைப் பிடுங்குகிறவனிடம் கூட்டிப் போவாள். ஊசிக்குப் பயமில்லை எனக்கு, அந்தக் கொறடு இருக்கிறதே, அதை நினைத்தால் காது அடைக்கும். இன்னொன்று, எனக்கென்று தனியாகக் குழைத்து, மசித்து வைக்க அவள் இன்னும் ஒரு மணி நேரம் முந்தி எழுவாள். இப்போதே நாலரைக்கு எழுகிறவள். அதனால் என்ன செய்தேன் என்றால், மத்தியானம் டீயில் பாவ் ரொட்டியைத் தோய்த்துத் தின்பேன். ஒரு பாவ் போதும், சில நாள் இரண்டு. ராத்திரிக்கும் வயிறு சரியில்லை என்று அதையேதான். டீயில் ஊறின பாவ் இருக்கிறதே, பஞ்சு போலத் தொண்டையில் இறங்கும். அது எனக்குப் பிடிக்கவும் பிடித்துவிட்டது.

சோறும் கீரையும்? கீழ் வீட்டுக்காரர் பக்ரீத்துக்கு வளர்த்தாரே ஒரு ஆடு, வெள்ளையும் கறுப்பும், ஒரு காது மடங்கினது, அதுக்குத்தான். தட்டோடு இறங்கிப் போனால் கழுத்தை நீட்டிக்கொண்டு வரும். முருங்கைக்கீரைப் பொரியல் என்றால் என் கையையே நக்கும். அதன் முதுகு பளபளவென்று மின்னியதைப் பார்த்து அந்த மனுஷர், "க்யா கிலாத்தே ஹோ ஆஜி?" என்று கேட்பார், என்னத்தைத் தின்னக் கொடுக்கிறீர்கள் பாட்டி என்று. நான் சிரித்துக்கொண்டே ஏறி வந்து ஏனத்தைக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். பழத்தை எல்லாம் பேத்தியின் பையில் திணித்துவிடுவேன்.

ஆக, பஸ்ஸில் பேத்தி சொன்னதும் எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. ரத்தத்தைப் பார்த்தால் இதில் சத்து இல்லை என்று வந்துவிடும். வந்தால் சந்தில் என்ன சொல்வார்கள்? அடிக்கவில்லை, ஆனால் பட்டினி போட்டாள் என்பார்கள். அதுவும் காகிதத்தில் அச்சடித்து வந்துவிடும். மாட்டுங்கா மாமி, "எங்க மாமியாரையும் இப்படித்தான் பட்டினி போட்டிருப்பாளோ" என்று நினைக்க மாட்டாளா? டாக்டரம்மா எழுதித் தருகிற காகிதமே இவளுக்கு எமனாகிவிடுமே! நான் இருக்கும்போது அப்படி நடக்க விடுவேனா?

இன்னொன்றும் இருக்கிறது. ரத்தம் கொடுக்கப் போகிறவள் வெறும் உடம்போடு போகலாமா? நம் ஆட்களில் யாருக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிறார்கள் என்றாலும் முந்தின வாரமே மாதுளை, பீட்ரூட், சாத்துக்குடி என்று கொடுத்துத் தேற்றித்தானே அனுப்புவோம். நீங்களும் உங்கள் மகளுக்கு அதைத்தானே செய்தீர்கள்? பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் வீட்டை அப்படியே போட்டு வைக்கிற வழக்கம் நமக்கு உண்டா? ரத்தத்துக்கும் அந்த மரியாதை செய்ய வேண்டாமா?

மறுநாளே ஆரம்பித்துவிட்டேன். மகனிடம், "மோசம்பி கொண்டா, நாக்கு கசக்கு" என்றேன். அவன் ஒரு பை நிறையக் கொண்டு வந்தான். வீட்டில் பிழிந்தால் மருமகள் கேட்பாளே, அவள்தான் வேலையில்லாமல் வீட்டிலேயே இருக்கிறாளே. அதனால் தொண்ணூறடி ரோட்டு முனையில் கையால் சுற்றுகிற மெஷின் வைத்த ஜூஸ் வண்டிக்காரனிடம் பையைக் கொடுத்துவிட்டு, "நீ பிழிஞ்சு குடு, பாதிப் பழம் ஒனக்கு" என்று பேசி முடித்தேன். காலையில் ஒரு கிளாஸ், சாயங்காலம் ஒரு கிளாஸ். நடுவில் எலுமிச்சைச் சாறு. கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ரோட்டில் நின்று மடக் மடக்கென்று குடித்தேன். ஈறில் பட்டதும் சுள்ளென்று எரியும், கண்ணில் தண்ணீர் வரும். இருந்தாலும் விடவில்லை. ஐந்து நாள் முழுசாகக் குடித்தேன். ஐந்தாம் நாள் ஜூஸ்காரன், "ஆஜி, ஷாதி ஹை க்யா?" என்றான், கல்யாணமா என்று. ஆமாம், என் ரத்தத்துக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை விடிய எழுந்து குளித்தேன். வெறும் வயிற்றில் வா என்றால் வெறும் வயிறுதான், பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை. மகன் கல்யாணத்துக்கு எடுத்த நீலச் சேலையைக் கட்டிக்கொண்டேன். செம்பூர் லேப் கண்ணாடிக் கதவு போட்டது, உள்ளே குளிர் பிடித்து ஆட்டியது. அங்கே இருந்த பெண் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள், பேத்தி பதில் சொன்னாள். விட்டமின் மாத்திரை ஏதும் போடுகிறார்களா? இல்லை. சிகரெட் உண்டா? பேத்தி சிரித்தாள், நான் அவள் தொடையில் கிள்ளினேன். பழச்சாறு குடித்தீர்களா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? சொல்லியிருக்க மாட்டேன்.

ஊசி குத்தினது எறும்பு கடித்த மாதிரிதான். ஆனால் மதினி, மற்ற டியூபை எல்லாம் சும்மா ஒரு தாங்கியில் நிறுத்தி வைத்தாள். இந்த ஒரு டியூபை மட்டும், நாம் சப்பாத்தி சுற்றுகிற சில்வர் பேப்பர் இருக்கிறதே, அதில் தலையிலிருந்து கால் வரை சுற்றி, ஐஸ் பெட்டியில் படுக்க வைத்தாள். மூடியைப் போட்டு உடனே ஒருத்தன் கையில் கொடுத்து, "ஜல்தி லே ஜா", சீக்கிரம் கொண்டு போ என்று விரட்டினாள்.

"ஏன் தாயி, இதுக்கு மட்டும் இம்புட்டு மரியாத?" என்று கேட்டேன். பேத்தி இந்தியில் கேட்டுச் சொன்னாள்: "வெளிச்சம் பட்டாலும், சூடு பட்டாலும் அந்தச் சத்து அழிஞ்சிடுமாம் ஆச்சி. சீக்கிரம் மெஷின்ல சுத்திக் குளிர்ல வைக்கணுமாம். இல்லன்னா இருக்கிறதையும் இல்லன்னு காட்டிடுமாம்."

என் ரத்தம் பட்டுத்துணி சுற்றின பிறந்த குழந்தை மாதிரி ஐஸ் பெட்டியில் போனது. எனக்கு அன்றைக்கு அப்படி ஒரு பெருமை. திரும்பி வருகிற வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். மருமகள் மட்டும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த வாரம் ரிப்போர்ட்டோடு டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தோம். அவள் படித்தாள். திருப்பிப் படித்தாள். "ரத்தம் உறையுறது சரியா இருக்கு. அணுக்கள் எண்ணிக்கை சரி. விட்டமின் சியும் நார்மல்" என்றாள்.

நான் மருமகளின் கையைப் பிடித்து, "பாத்தியாளா!" என்றேன். பட்டினி போட்டாள் என்ற பேச்சு ஒழிந்தது என்று எனக்கு ஒரே சந்தோஷம். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு ஏன் என்று புரியவில்லை.

டாக்டரம்மா பேனாவை மூடினாள். "அம்மாவும் பொண்ணும் கொஞ்சம் வெளிய இருங்க. பாட்டிகிட்ட தனியாப் பேசணும்."

கதவு சாத்தினதும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். குரலே மாறிவிட்டது.

"பாட்டி, பயப்படாம சொல்லுங்க. வீட்டுல யாராவது உங்க மேல கை வைக்கிறாங்களா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"உடம்புக்குள்ள காரணம் ஒண்ணும் கிடைக்கல பாட்டி. காரணம் இல்லாம இவ்வளவு காயம் வராது. உங்க மருமக முன்னால சொல்ல முடியலன்னா என்கிட்ட சொல்லுங்க. உதவி செய்றவங்க இருக்காங்க."

அப்போதுதான் மதினி எனக்கு உறைத்தது. பட்டினி என்ற கதவை நான் மினக்கெட்டு மூடினேன். மூடினதும் மிச்சம் இருந்தது அடி என்ற கதவு ஒன்றுதான். அதைத் திறந்து வைத்தவளும் நானே. சத்தில்லை என்று ரிப்போர்ட் வந்திருந்தால் அவள் தப்பித்திருப்பாள். நான் காசு கொடுக்காமல் வாங்கிக் குடித்த மோசம்பி அவளை அடிக்கிறவளாக்கிவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருக்கிறாள், என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

எனக்கு வாய் தானாகத் திறந்துகொண்டது. பல், ஈறு, டீ, பாவ், ஆடு, பேத்தி பையில் போட்ட பழம், ஜூஸ் வண்டி, ஐந்து நாள், ஒன்றுவிடாமல் கொட்டினேன். ஆடு வந்த இடத்தில் அந்தப் பிள்ளைக்கு வாய் கோணிற்று. ஜூஸ்காரன் கல்யாணமா என்று கேட்டதைச் சொன்னதும் மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"பாட்டி! டெஸ்டுக்கு முன்னால அஞ்சு நாள் ஜூஸ் குடிச்சா ரிப்போர்ட்ல அந்த ஜூஸ்தான் தெரியும்!"

"அப்ப ரிப்போர்ட்டு பொய்யா தாயி?"

"பொய் இல்ல. உங்க தாராவி வீட்டுல ட்ரம் வச்சிருப்பீங்கல்ல? இன்னைக்குக் குழாய்ல தண்ணி வருதுன்னா ட்ரம் நிறைஞ்சிருக்குன்னு அர்த்தமா? ரத்தத்துல இருக்கிறது குழாய்த் தண்ணி. போன வாரம் என்ன வந்ததுன்னு அது சொல்லும். உடம்புல சேர்த்து வச்சது வேற. ஒரு வருஷமா உங்க ட்ரம் வத்திக் கிடந்திருக்கு."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் பாருங்கள்! எனக்குப் படிப்பு வராது, ட்ரம் தெரியாதா?

"அப்ப இன்னொரு வாட்டி எடுங்க. நா ஒண்ணும் திங்காம வாரேன்."

"அதுக்காக உங்கள மறுபடி காயப்போட மாட்டேன். இனிமே தினமும் அந்த ஜூஸையும், நான் தர மாத்திரையையும் எடுங்க. ஈறு வலி ஒரு வாரத்துல குறையும். காயம் எல்லாம் மூணு நாலு வாரத்துல மறையும், புதுசா வராது. அதுதான் இனிமே ரிப்போர்ட்." அதையே ஒரு காகிதத்திலும் எழுதிக் கொடுத்தாள்.

வெளியே வந்து மருமகளிடம் சொன்னேன்.

"நா வெடியுமுன்ன எந்திரிச்சு வச்ச கூட்ட எல்லாம் ஆடு தின்னுச்சா அத்தே?"

"கூட்டு கொஞ்சந்தான். கீரதான் அதுக்கு இஷ்டம்."

"உப்பு சரியா இருந்துச்சாமா? கேட்டியளா?"

அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேச்சில்லை. ஆனால் தட்டில் மட்டும் சோறு குழைந்து, கீரை மசிந்து வந்தது. நான் தின்று முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பேத்திதான் நடுவில், "ஆச்சி, பக்ரா நீச்சே ரோ ரஹா ஹை" என்று, கீழே ஆடு அழுகிறதாம், கேலி செய்து இருவரையும் சிரிக்க வைத்தாள்.

மாட்டுங்காவுக்கு நானே போகிறேன் என்றேன். மகன் வேண்டாம் என்றான், மருமகள் வெட்கப்பட்டாள். நான் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு டாக்டர் காகிதத்தோடு போனேன். லிஃப்டில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தி மேலே போனோம். மாமி கதவைத் திறந்தாள். நெற்றி நிறையக் குங்குமம், நல்ல களையான முகம். நான் யார் என்று சொன்னதும் உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தாள். நான் முழங்கால் வரை சேலையைத் தூக்கிக் காட்டி, கதை முழுவதையும் சொன்னேன். மாமி காகிதத்தையும் படித்தாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். ஆனால் கெட்டிக்காரி.

"நீங்க சொல்றது நெஜமாவும் இருக்கலாம். ஆனா மாட்டுப்பொண்ணைக் காப்பாத்தணும்னு நீங்களே கதை கட்டிண்டு வந்திருக்கேளோ என்னமோ. டாக்டரும் நீங்க சொன்னதை வச்சுத்தானே எழுதியிருக்கா? தப்பா நெனச்சுக்காதீங்கோ. உள்ள படுத்திண்டிருக்கறவா வாயைத் திறந்து ஒண்ணு சொல்ல முடியாது. நான்தானே பாத்துக்கணும்."

எனக்குக் கோபம் வரவில்லை, மதினி. அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

"சரிம்மா, என் வாய நம்பாதீங்க. என் கால நம்புங்க. நா அதே வீட்டுல, அதே மருமவகூடத்தான் இருப்பேன். வேலயில்லாம நாள் பூரா எங்கூடத்தான் கெடக்கா. அடிக்கவளா இருந்தா இன்னும் சவுரியம்லா? வெள்ளிக்கெழம தோறும் வந்து காலக் காட்டுதேன். நீங்க போட்டோ பிடிச்சு வையுங்க. புதுசா ஒரு திட்டு வந்தா நீங்க சொல்லுததுதான் சரி. எல்லாம் மறைஞ்சா அவளக் கூப்பிடணும்."

மாமி எழுந்து உள்ளே போனாள். பிறகு ஃபோனை எடுத்துக்கொண்டு வந்து என் காலருகே உட்கார்ந்தாள். "இந்தப் பக்கம் திருப்புங்கோ, வெளிச்சம் படலை" என்றாள்.

நாலு வெள்ளிக்கிழமை போனேன். முதல் வாரம் கத்தரிக்காய், அடுத்த வாரம் பச்சை, அதற்கப்புறம் மஞ்சள். நாலாம் வாரம் மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தேடினாள், செருப்புப் புண் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு மட்டும்தான். ஒவ்வொரு வாரமும் பழைய போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். போட்டோ எடுத்தபின் டிபனும் காப்பியும் உண்டு. நானும் நெல்லிக்காயை எப்படித் துருவித் தயிரில் போட்டால் பல்லில்லாதவர்களும் தின்னலாம் என்று அவளிடம் கேட்டுக்கொண்டேன். பேச்சுவாக்கில் சொன்னாள், இவள் இடத்துக்கு வந்த புதுப் பெண் ஊட்டினால் அந்தக் கிழவியம்மா வாயையே திறப்பதில்லையாம். கதவையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார்களாம்.

"நாளைக்கே வரச் சொல்லுங்கோ" என்றாள் மாமி.

"வருவா. ஆனா ஒண்ணும்மா. இந்தப் படி கூட்டுதவகிட்ட நீங்களே ஒரு வார்த்த சொல்லிருங்க. அவ வாயால போனது அவ வாயாலயே எங்க சந்துக்குத் திரும்பி வரணும்."

மாமி சிரித்துவிட்டு, அவளைக் கூப்பிட்டு என் முன்னாலேயே சொன்னாள். அவள் முகம் சுண்டிப்போனது. நான் அவளைத் திட்டவில்லை. "நீ பாத்தத சொன்ன. இப்ப இதயும் பாத்துக்க" என்று காலைக் காட்டினேன். ஆனாலும் பேச்சு ஒரு தடவை வெளியே போய்விட்டால் எல்லா வீட்டுக்கும் திரும்பிப் போகாதே. அதனால்தான் வீடு வீடாகப் போய் நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், மறைக்கவில்லை. நீங்கள் ஊரிலிருந்து வந்து இறங்கினதுமே யாரோ உங்கள் காதில் பழசைப் போட்டுவிட்டார்கள். இப்போது புதுசைக் கேட்டுவிட்டீர்கள். உங்கள் அண்ணன் பெண்டாட்டி செம்பூரில் இருக்கிறாளே, அவளுக்கும் ஃபோன் போட்டு நீங்களே சொல்லிவிடுங்கள். அவள்தானே என் சம்பந்தி வீட்டுக்குப் பக்கத்து வீடு? அங்கேயும் அடி உதை என்றுதான் போயிருக்கும். என்ன, ஈறு எப்படி இருக்கிறது என்றா கேட்டீர்கள்? முறுக்கு இருந்தால் கொண்டு வாருங்கள், காட்டு...

அய்யோ, மதினி, தூறுகிறதே! மருமகள் நாளைக்கு வேலைக்குக் கட்டுகிற சேலை மாடியில் காய்கிறது. நகருங்கள், நகருங்கள், எடுத்துவிட்டு வருகிறேன்.